கசகஸ்தான் கைவிட்ட குண்டுகள்

1949 ஆகஸ்ட் 29, காலை 7 மணி. சோவியத் யூனியனின் கசகஸ்தான் குடியரசில், இர்திஷ் ஆற்றை ஒட்டிய புல்வெளியில், ஓர் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் வைத்து சோவியத்தின் முதல் அணுகுண்டை வெடித்தார்கள். அதன் வலிமை 22 கிலோடன். குண்டு என்னவெல்லாம் செய்யும் என்று பார்ப்பதற்காகச் சுற்றிலும் வீடுகள் கட்டியிருந்தார்கள். டாங்கிகளையும் விமானங்களையும் நிறுத்தியிருந்தார்கள். ஆடு மாடுகளைக் கட்டிவைத்திருந்தார்கள். வேலிக்கு அப்பால் இருந்த ஊர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அன்று காற்று வடகிழக்காக வீசியது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த தோலோன் என்ற கிராமத்தின் மேல் கதிரியக்கத் தூசி இறங்கியது.

1991 ஆகஸ்ட் 29. அதே சோதனைத் திடலை நிரந்தரமாக மூடும் ஆணையில் கசகஸ்தானின் தலைவர் நூர்சுல்தான் நசர்பாயெவ் கையெழுத்திட்டார். இடைப்பட்ட 42 ஆண்டுகளில் அங்கே 456 அணுச் சோதனைகள் நடந்திருந்தன. அவற்றில் 116 நிலத்தின் மேலும் வானிலும், 340 நிலத்துக்கு அடியிலும் நடந்தவை.

அணு ஆயுத ஒழிப்பு என்றதும் நம் கண்முன் வருவது இரண்டு தலைவர்கள் பேனாவும் கையுமாக அமர்ந்திருக்கும் புகைப்படம்தான். இந்தத் திடல் அமைந்த செமிபலாத்தின்ஸ்கின் வரலாற்றை அன்றும் இன்றுமாக அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அந்தப் புகைப்படம் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது விளங்கும். கையெழுத்துக்கு முன்னால் மக்களின் கோபம் இருக்கிறது. அதற்குப் பின்னால், பல தலைமுறைகள் விடாமல் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்பவர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

ஆளில்லா நிலம் என்றார்கள்

சோதனைக்கு இடம் தேர்ந்த காலத்தில் சோவியத் அணுகுண்டுத் திட்டம் ஸ்டாலினின் வலக்கையாக இருந்த லவ்ரென்தி பேரியாவின் பொறுப்பில் இருந்தது. சுமார் 18,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை வளைத்து, அங்கே மனிதர்கள் இல்லை என்று கணக்கு எழுதினார்கள். உண்மையில் அது தலைமுறை தலைமுறையாகக் குதிரையும் ஆடும் மேய்த்த கசாக் மக்களின் நிலம். அவர்களுடைய மாபெரும் கவிஞர் அபாய் பிறந்த மண்ணும் அருகில்தான் இருக்கிறது.

ஆற்றங்கரையில் விஞ்ஞானிகளுக்காக ஒரு நகரம் எழுந்தது. வரைபடத்தில் அதற்கு இடமில்லை. செமிபலாத்தின்ஸ்க்-21 என்ற அஞ்சல் முகவரி மட்டுமே இருந்தது. திட்டத்தின் அறிவியல் தலைவர் இகோர் குர்ச்சாத்தவின் பெயர் பின்னாளில் அந்த ஊருக்குச் சூட்டப்பட்டது. சோதனைத் திடலை உள்ளூர் மக்கள் இன்றும் ‘பொலிகோன்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

1953 ஆகஸ்டில் 400 கிலோடன் குண்டு வெடித்தது. அதற்கு முன் சில ஊர்களைக் காலிசெய்தார்கள், ஆனாலும் கரவுல் என்ற ஊரில் சில ஆண்களை அங்கேயே விட்டுச்சென்றார்கள். 1955 நவம்பர் 22 அன்று 1.6 மெகாடன் ஹைட்ரஜன் குண்டை விமானத்திலிருந்து போட்டார்கள். அதன் அதிர்வில் தொலைவிலிருந்த ஒரு கட்டடம் இடிந்து ஒரு சிறுமி இறந்தாள். பதுங்குகுழி சரிந்து ஒரு படைவீரரும் இறந்தார். அந்தக் குண்டை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான ஆண்ட்ரி சாகரவை அந்த மரணங்கள் விடவில்லை. பின்னாளில் சோதனைகளுக்கு எதிராகப் பேசி, அரசின் சினத்தைச் சம்பாதித்து, 1975-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்.

1963-இல் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் செய்துகொண்டன. வானிலும் கடலிலும் விண்வெளியிலும் வெடிக்கக் கூடாது, நிலத்துக்கு அடியில் வெடிக்கலாம் என்பது அதன் சாரம். உலகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அந்த நிம்மதிக்குக் காரணம் இருந்தது, ஏனென்றால் மழையோடு இறங்கிய கதிரியக்கத் தூசி உண்மையாகவே குறைந்தது. ஆனால் பொலிகோனில் சோதனைகள் நிற்கவில்லை. தெகெலென் மலையைக் குடைந்து சுரங்கங்கள் அமைத்தார்கள், பலபான் சமவெளியில் ஆழ்துளைகள் இட்டார்கள். 1965 ஜனவரி 15 அன்று சகான் ஆற்றுப்படுகையில் 140 கிலோடன் குண்டை வெடித்து, ஏறக்குறைய 400 மீட்டர் அகலமும் 100 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளத்தை உண்டாக்கி, அதில் நீரைத் தேக்கினார்கள். அணுகுண்டால் ஏரி வெட்டலாம் என்று காட்டுவது நோக்கம். இன்றும் அது அணு ஏரி என்ற பெயருடன் அங்கே கிடக்கிறது.

கவிதை வாசிக்க வந்தவர்

1989 பிப்ரவரியில் நடந்த நிலத்தடிச் சோதனைகளில் கதிரியக்க வாயு கசிந்து, விமானப்படையினரின் குடியிருப்பு வரை சென்றது. இந்தச் செய்தி கசாக் கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனவுக்கு எட்டியது. அவர் அப்போது சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவைக்குத் தேர்தலில் நின்றிருந்தார். பிப்ரவரி 25 அன்று தொலைக்காட்சி நேரலையில் கவிதை வாசிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் வாசித்தது கசிவைப் பற்றிய அறிக்கை. மூன்று நாள் கழித்து அல்மாத்தியின் எழுத்தாளர் சங்கத்தில் கூடுங்கள் என்று அழைப்பும் விடுத்தார். அன்று சங்கக் கட்டடத்துக்குள் அடங்காமல் ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள்.

அங்கே பிறந்த இயக்கத்தின் பெயர் ‘நெவாடா–செமிபலாத்தின்ஸ்க்’. அமெரிக்கா தன் குண்டுகளைச் சோதித்த நெவாடா பாலைவனத்திலும் அதே பாதிப்பைச் சுமந்த மக்கள் இருந்தார்கள். எதிரி நாட்டின் குண்டை மட்டும் கண்டிக்காமல் குண்டுவெடிப்பையே கண்டித்ததால், இந்த இயக்கத்தைத் தேசத்துரோகம் என்று ஒதுக்கித் தள்ளுவது மாஸ்கோவுக்குக் கடினமாயிற்று. பத்து லட்சத்துக்கும் மேலான கையெழுத்துகள் திரண்டன. சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்றார்கள். அந்த ஆண்டுக்குத் திட்டமிட்டிருந்த 18 சோதனைகளில் 11 நடக்கவில்லை. 1989 அக்டோபர் 19 அன்று நடந்ததே கடைசி. 1991-இன் மூடல் ஆணை, ஏற்கெனவே இரண்டு ஆண்டுகளாக மக்கள் பூட்டி வைத்திருந்த திடலின் மேல் அரசு வைத்த முத்திரை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அணு ஆயுதம் நிபுணர்களுக்கும் தளபதிகளுக்கும் உரிய விஷயம், சாமானியர்கள் பேச அதில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் எல்லா நாடுகளிலும் ஊறியிருக்கிறது. மேய்ப்பர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் ஒரு கவிஞரும் சேர்ந்து அந்த எண்ணத்தை உடைத்தார்கள்.

கையில் வந்த 1,410 குண்டுகள்

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. விடிந்து பார்த்தால், கசகஸ்தான் மண்ணில் 104 எஸ்எஸ்-18 ரக ஏவுகணைகள் நின்றிருந்தன. ஒவ்வொன்றும் பத்துக் குண்டுகள் வரை சுமக்கக்கூடியவை. 40 கனரகக் குண்டுவீச்சு விமானங்களும் இருந்தன. மொத்தம் ஏறக்குறைய 1,410 அணுகுண்டுகள். உலகின் நான்காவது பெரிய அணு ஆயுதக் குவியல் அது. பிரிட்டன், பிரான்ஸ், சீனா மூன்றின் இருப்பைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

இந்தக் குவியலைக் கசகஸ்தான் விட்டுக்கொடுத்ததைப் பெருந்தன்மை என்று மட்டும் எழுதுவது சரியல்ல. ஏவுவதற்கான கட்டுப்பாடு மாஸ்கோவின் கையில் இருந்தது. புதிய நாட்டுக்கு அங்கீகாரமும் முதலீடும் தேவைப்பட்டன. ஒரு பக்கம் ரஷ்யா, இன்னொரு பக்கம் சீனா என இரண்டு அணு வல்லரசுகளின் நடுவே எல்லைகள் உறுதியாக வேண்டியிருந்தது. தொடக்கத்தில் நசர்பாயெவ் தயங்கினார், பேரமும் பேசினார். ஆனால் குண்டுகளை வைத்துக்கொள்வோம் என்று எந்தத் தலைவர் முடிவெடுத்திருந்தாலும், பொலிகோனை மூடவைத்த மக்களுக்கு முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

1992 மே மாதம், அணு ஆயுதங்களைக் கைவிட ஒப்புக்கொள்ளும் லிஸ்பன் உடன்படிக்கையில் கசகஸ்தான் கையெழுத்திட்டது. 1994 பிப்ரவரியில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஆயுதம் இல்லாத நாடாகச் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் புடாபெஸ்டில் ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் அதன் எல்லைகளை மதிப்பதாக எழுதிக்கொடுத்தன. 1995 ஏப்ரலில் கடைசிக் குண்டும் ரஷ்யாவுக்குப் போய்ச்சேர்ந்தது.

ஏவுகணைகள் ஊரறிந்தவை. யாரும் அறியாத வேறொரு ஆபத்து உஸ்த்-கமெனகோர்ஸ்க் நகரின் உல்பா உலோக ஆலையில் இருந்தது. அங்கே ஏறக்குறைய 600 கிலோ உயர் செறிவு யுரேனியம், இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகளுக்கான பொருள், சாதாரணப் பூட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. 1994 இலையுதிர்காலத்தில் அமெரிக்க வல்லுநர் குழுவொன்று கசாக் அரசின் சம்மதத்துடன் இரகசியமாக வந்து, அதைச் சிறு கலன்களில் அடைத்து, விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் சேர்த்தது. இதற்கெல்லாம் பணம் வந்தது, சாம் நன், ரிச்சர்ட் லூகர் என்ற இரு அமெரிக்க செனட்டர்கள் 1991-இல் கொண்டுவந்த சட்டத்தின் வழியாக. பழைய எதிரியின் ஆயுதங்களை அகற்ற நம் வரிப்பணம் எதற்கு என்று அவர்களை எதிர்த்தவர்கள் பலர். அந்தப் பணம் எத்தனை நகரங்களைக் காத்தது என்பதை அளக்க எந்தக் கருவியும் இல்லை.

மலைக்குள் மிச்சம்

ஆயுதங்கள் நான்கு ஆண்டுகளில் போய்விட்டன. மண்ணில் தங்கியது போகவில்லை.

தெகெலென் மலையின் 181 சுரங்கங்களில் நடந்த சோதனைகளில் எல்லாப் புளூட்டோனியமும் பிளந்து தீர்ந்துவிடவில்லை. சில சோதனைகளில் அது அப்படியே சிதறிக் கிடந்தது. ராணுவம் போனது, காவல் போனது. பொருளாதாரம் சரிந்த காலம் அது. வேலையிழந்த மக்கள் சுரங்கங்களுக்குள் புகுந்து செம்புக் கம்பிகளையும் தண்டவாளங்களையும் உருவி, பழைய இரும்பு வியாபாரிகளிடம் விற்றுப் பிழைத்தார்கள். தங்கள் கைக்கெட்டும் தூரத்தில் குண்டு செய்யப் போதுமான பொருள் கிடப்பது அவர்களுக்குத் தெரியாது.

அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் அணு ஆயுத ஆய்வகத்தின் முன்னாள் இயக்குநர் சீக்ஃபிரீட் ஹெக்கர் 1998-இல் அங்கே போனார். கம்பி உருவும் வேலை இயந்திரங்களோடு பெரிய அளவில் நடப்பதைக் கண்டு பதறினார். எந்தச் சுரங்கத்தில் என்ன கிடக்கிறது என்ற விவரம் ரஷ்ய விஞ்ஞானிகளிடம்தான் இருந்தது. நிலம் கசகஸ்தானுடையது. பணம் அமெரிக்காவிடம் இருந்தது. மூன்று நாட்டவரும் ஒருவரையொருவர் மெல்ல நம்பத் தொடங்கி, பல ஆண்டுகளில், ஏறக்குறைய 15 கோடி டாலர் செலவில், சுரங்கங்களுக்குள் சிறப்புக் காங்கிரீட் ஊற்றி, எவரும் எடுக்க முடியாதபடி அந்தப் புளூட்டோனியத்தை அடைத்தார்கள். 2012 அக்டோபரில் வேலை முடிந்ததும் மலையடியில் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். மாநாடு இல்லை, கைகுலுக்கும் படம் இல்லை. என் கணக்கில் நம் காலத்தின் மிகப் பெரிய ஆயுத ஒழிப்புச் சாதனைகளுள் இது ஒன்று. முதலில் சொன்ன, யாரும் படம் எடுக்காத வேலை இதுதான்.

இன்று ஒரு காலத்து இரகசிய நகரமான குர்ச்சாத்தவில் கசகஸ்தானின் தேசிய அணு மையம் இயங்குகிறது. குண்டின் வலிமையை அளந்த இடத்தில் இப்போது மண்ணையும் நீரையும் புல்லையும் அளக்கிறார்கள். எந்தப் பகுதியை என்றைக்கும் திறக்கக் கூடாது, எதை மேய்ச்சலுக்குத் திருப்பித் தரலாம் என்று பிரிக்கிறார்கள். 2023-இல் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது.

உடம்பில் மிச்சம்

1957-இல் செமிபலாத்தின்ஸ்க் நகரில் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். கால்நடையிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா காய்ச்சலைத் தடுக்கும் மையம் என்று பலகை மாட்டினார்கள். உள்ளே நடந்தது கதிர்வீச்சுப் பாதிப்பின் இரகசிய ஆய்வு. பரிசோதித்தார்கள், பதிவுசெய்தார்கள், நோயாளியிடம் உண்மையைச் சொல்லவில்லை. 1991-இல் ஆவணங்களில் ஒரு பகுதி மாஸ்கோவுக்குப் போயிற்று. மிஞ்சியதை வைத்துக்கொண்டு அதே நிறுவனம் கதிர்வீச்சு மருத்துவ ஆய்வு நிலையமாகத் தன்னை மாற்றிக்கொண்டு, அன்று மறைத்ததை இன்று பதிவேடுகளாகக் கட்டியெழுப்புகிறது.

2002-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, பொலிகோனைச் சுற்றிய குடும்பங்களில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் மரபணுப் பகுதிகளில் மாற்றங்கள் கூடியிருப்பதைக் காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: மேல்நிலச் சோதனைகள் குறைந்த பின் பிறந்த பெற்றோரிடம் அந்த மாற்றங்களும் குறைந்திருந்தன. அரைகுறை என்று பலர் குறைசொன்ன 1963 ஒப்பந்தம் மனித உடம்புக்குள் வேலை செய்திருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்டோர் சுமார் 15 லட்சம் பேர் என்று கசகஸ்தான் அரசு சொல்கிறது. 1992 டிசம்பரில் வந்த சட்டம் நிலத்தைப் பாதிப்பின் அளவுப்படி மண்டலங்களாகப் பிரித்து ஒருமுறை இழப்பீடும் சில சலுகைகளும் வகுத்தது. பணவீக்கம் ரூபிளையும் பின்னர் கசாக் நாணயமான தெங்கேயையும் தின்ற காலத்தில் அந்தத் தொகை கைக்கு வருமுன் கரைந்தது. இன்றும் சான்று அட்டைக்காகவும் மருத்துவத்துக்காகவும் மக்கள் அலைகிறார்கள். கைகள் இல்லாமல் பிறந்து, வாயாலும் கால்களாலும் ஓவியம் தீட்டும் கரிபெக் குயுகோவ், அந்த மக்களின் முகங்களை உலக அரங்குகளுக்கு எடுத்துச்செல்கிறார்.

இன்றைய கசகஸ்தானும் இன்றைய உலகமும்

செமிபலாத்தின்ஸ்க் நகரின் பெயர் 2007-இல் செமேய் என்று மாறியது. அந்நகரில் 2006-இல் ஐந்து மத்திய ஆசிய நாடுகள் தங்கள் வட்டாரத்தை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கசகஸ்தானின் முன்முயற்சியில் ஐ.நா. 2009-இல் ஆகஸ்ட் 29-ஐ அணுச் சோதனைகளுக்கு எதிரான சர்வதேச நாளாக அறிவித்தது. ஒரு காலத்தில் பூட்டுகளுக்குப் பின்னால் குண்டுப்பொருள் கிடந்த அதே உல்பா ஆலையில், 2017 முதல் சர்வதேச அணுசக்தி முகமையின் எரிபொருள் வங்கி இருக்கிறது. மின் உலைகளுக்கான குறைசெறிவு யுரேனியம் 90 டன் அங்கே இருப்பில் உள்ளது. அரசியல் காரணத்தால் எரிபொருள் மறுக்கப்படும் நாடு, சொந்தமாகச் செறிவூட்டத் தொடங்காமல் அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

2019-இல் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தைக் கசகஸ்தான் ஏற்றது. அதன் 6, 7-ஆம் பிரிவுகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவவும் கெட்ட நிலத்தைச் சீராக்கவும் கோருகின்றன. பிரிட்டனும் அமெரிக்காவும் குண்டு வெடித்த கிறிஸ்துமஸ் தீவு கிரிபாட்டிக்குச் சொந்தம். அந்தச் சின்னஞ்சிறு பசிபிக் நாட்டோடு சேர்ந்து, இந்தப் பிரிவுகள் ஏட்டளவில் நின்றுவிடாமல் பார்க்கும் பொறுப்பைக் கசகஸ்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. அணு ஆயுத நாடுகள் எவையும் இந்த ஒப்பந்தத்தில் இல்லை.

உலகின் பொதுக் கணக்கும் மாறியிருக்கிறது. 1986-இல் ஏறக்குறைய 70,000 அணுகுண்டுகள் இருந்தன, இன்று சுமார் 12,000. இந்தக் குறைவு உண்மையானது, உழைப்பால் வந்தது. ஆனால் அதைத் தாங்கிய கால்கள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. நடுத்தொலைவு ஏவுகணை ஒப்பந்தம் 2019-இல் முடிவுக்கு வந்தது. முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குக் கொடுத்த ஒப்புதலை ரஷ்யா 2023-இல் திரும்பப் பெற்றது. 2025 அக்டோபரில் அமெரிக்க அதிபர் மீண்டும் அணு ஆயுதச் சோதனை பற்றிப் பேசினார். புடாபெஸ்டில் கசகஸ்தானுக்குக் கிடைத்ததைப் போன்ற அதே உறுதிமொழி உக்ரைனுக்கும் எழுதிக்கொடுக்கப்பட்டது. 2014-இலும் 2022-இலும் ரஷ்யா அதை மீறியது. ஆயுதத்தைக் கைவிட்டவன் ஏமாளி என்ற பேச்சு அதன்பின் உரத்து எழுகிறது.

அந்தப் பேச்சை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வாக்குறுதி முறிந்தால் அடுத்த நாடு எப்படி நம்பும்? ஆனால் முறிந்தது வாக்கு கொடுத்தவர்களின் நேர்மை. அந்தக் குற்றத்தை ஆயுதத்தைக் கைவிட்டவர்கள் மேல் சுமத்துவது நியாயமில்லை. ஏவும் கட்டுப்பாடு இல்லாத குண்டுகளை, பராமரிக்கக் காசில்லாத ஒரு புதிய நாடு முப்பது ஆண்டுகள் காத்துவந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்குத் தெகெலென் சுரங்கங்களில் கம்பி உருவியவர்களே பதில்.

நாமும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. நம் அணு மின் உலைகள் எரித்த யுரேனியத்தில் ஒரு பகுதி கசகஸ்தானிலிருந்து வந்தது. 1998-க்குப் பிறகு இந்தியா சோதனை நடத்தவில்லை. ஆனாலும் 1996-இல் உருவான முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வரத் தேவையான நாடுகளில் கையெழுத்தே இடாத மூன்றில் இந்தியாவும் ஒன்று. மற்ற இரண்டு பாகிஸ்தானும் வடகொரியாவும்.

கசகஸ்தானிலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2024 அக்டோபர் 6 அன்று அணு மின் நிலையம் வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். 71 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். பால்காஷ் ஏரிக்கரையில் அதைக் கட்டும் பொறுப்பு ரஷ்யாவின் அரசு அணுசக்தி நிறுவனமான ரோசாட்டமுக்குப் போனது. பொலிகோனின் நினைவுள்ள பலருக்கு அது கசந்தது. மின் உலை வேறு, குண்டு வேறு என்பது உண்மை. ஆனால் நாற்பது ஆண்டுகள் பொய் சொல்லப்பட்ட மக்களிடம் நம்பிக்கையைக் கேட்பதற்கு முன், பழைய ஆவணங்களைத் திறந்து காட்டுவதுதான் முறை.

ஒரு நாடு குண்டு செய்வதற்குப் பணமும் மூளையும் இரகசியமும் கணக்கில்லாமல் செலவழிக்கிறது. அதன் விளைவைத் துடைக்க வரும்போது நிதி இல்லை என்கிறது. இந்தத் தலைகீழ் வழக்கத்தை மாற்றுவதுதான் இனி வரவேண்டிய ஆயுத ஒழிப்பு. எத்தனை குண்டுகள் குறைந்தன என்று கேட்பதோடு, மண்ணை அளந்தார்களா, ஆவணத்தைத் திறந்தார்களா, தோலோன் கிராமத்துப் பேரப்பிள்ளைக்கு மருத்துவம் கிடைத்ததா என்றும் கேட்கவேண்டும். இந்தச் செலவு முழுவதையும் குண்டு வைத்திருக்கும் ஒவ்வொரு அரசும் தன் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதியாக வேண்டும் என்ற நிலை வந்தால், புதிய குண்டு மலிவான பாதுகாப்பு என்று எந்த அமைச்சராலும் சொல்ல முடியாது.